குனிந்து போகிறவன்

— “வாசல்லயே நில்லு, உள்ள வராத.” போதுமாடா?

— அக்கா, காய்கறிக்காரர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. படத்துல புருஷன் இன்னொருத்தி வீட்டுலேர்ந்து வர்றான், நீ பொண்டாட்டி. அதோட அந்த ரெண்டு கெட்ட வார்த்தையையும் முழுங்கிட்ட.

— முழுங்கத்தான் செய்வேன். நாளைக்கு என் பொண்ணு கேட்டா?

— இது பெரியவங்களுக்கான அனிமேஷன் படம்க்கா. கார்ட்டூன்னா முயல்குட்டி துள்ளணும்னு நினைக்காத. நகரத்தோட அழுக்கு. யதார்த்தம்.

— அழுக்குக்கு உன் போர்வை போதாதா? நாலு வருஷமா உட்கார்ந்து வரைஞ்சுக்கிட்டே இருக்க, சோறு நான் கொண்டு வரேன். உனக்கு எந்த ரவுடிடா பழக்கம்?

— ஜன்னல் எதுக்கு இருக்கு? தெருவுல பார்க்கிறத அப்படியே வரைவேன்.

— அதான் உன் ரவுடி ஒவ்வொருத்தனும் வெங்காயம் நறுக்கப் போறவன் மாதிரி கத்தி பிடிச்சிருக்கான்.

— கிண்டல் பண்ணு. நாளைக்குப் பட விழாவுக்கு அனுப்பியாகணும். கடைசிக் காட்சியே உன் குரல்ல தான் நிக்குது. அது சொதப்புச்சுன்னா நாலு வருஷமும் குப்பைக்கு.

— சரி, சீக்கிரம் முடி ராசா. செவ்வாய்க்கிழமைன்னா உன் மாமாவுக்கு ஆபீஸ்ல வேலை இழுத்துடும், லேட்டாதான் வருவாரு. பிள்ளைங்க தனியா இருக்கு.

— படத்தப் பாரு, கோபம் தானா வரும். இதோ, புருஷன் அவ வீட்டுக்குப் போறான்.

— இவனா? இந்த மூஞ்சிக்கு முதல் வீடே அதிகம்.

— மூஞ்சி என் கற்பனை. நடை நிஜம். எதிர் மாடிக்கு ஒருத்தன் வருவான், ஹெல்மெட்ட கழட்டவே மாட்டான். அவனப் பார்த்து வரைஞ்சது.

— கதவு இவ்ளோ உசரமா இருக்கு, ஏன் குனிஞ்சு போறான்? வரையத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு.

— அங்கதான் நீ தப்பு பண்ற. அவன் நிஜமாவே குனிஞ்சுதான் போவான். அதுக்கு முன்னாடி பாரு, ஷூவ பேன்ட் காலோட பின்பக்கம் தேய்ச்சுக்குவான். முதல்ல வலது, அப்புறம் இடது. இதெல்லாம் கற்பனையில வராதுக்கா.

— திரும்பப் போடு.

— பிடிச்சிருக்கா?

— போடுடா. இன்னொரு தரம். இவன் எப்ப எப்ப வருவான்?

— செவ்வாய்க்கிழமை தவறவே மாட்டான். இப்பக்கூட கீழ பைக் சத்தம் கேட்டுச்சு. ஏன்க்கா?

— போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தப்ப உன் நெத்தி ஏன் வீங்குச்சு?

— உங்க வீட்டு வாசல் நிலை அவ்ளோ தாழ்வு. மறந்துட்டா மண்டை காலி. மாமாவுக்குப் பழகிடுச்சு, எங்க போனாலும் குனிஞ்சேதான்...

— சொல்லு. ஏன் நிறுத்திட்ட?

— அக்கா.

— யதார்த்தம் நல்லா வந்திருக்கு தம்பி. மைக்கப் போடு. அந்த ரெண்டு வார்த்தையையும் சேர்த்தே சொல்றேன்.