முன்னால் நிற்பவர் திரும்பக் கூடாது

நாற்பத்து மூன்று வயதில் அரைக்கால் சட்டை வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது, "பையனுக்கு என்ன சைஸ் சார்?" என்றுதான். எனக்குத்தான் என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். இருபது வருடம் கழித்து நான் பேட்மிண்டனுக்குத் திரும்பியது இப்படித்தான், ஐயா.

எனக்குப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் வேலை. கேள்வித்தாள்களைப் பூட்டி வைப்பதும் வாயைப் பூட்டி வைப்பதும்தான் தொழில். போன வருடம் மாணவர்களின் பேட்மிண்டன் கிளப்பில் ஊழியர்களும் சேரலாம் என்று அறிவிப்பு வந்தது. "டாக்டர் நடக்கத்தானே சொன்னார், உங்கள யாரு குதிக்கச் சொன்னா?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. கல்லூரியில் படித்தபோது பின்வரிசையில் நின்று நான் அடிக்கும் அடிக்கு எதிராளிகள் மட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். முதல் வாரம், இருப்பதே தெரியாத தசைகளெல்லாம் வலித்தன. ஆனால் கை எதையும் மறந்திருக்கவில்லை. பந்து மட்டையின் நடுவில் படும்போது வருகிற அந்தச் சத்தத்தை மறுபடி கேட்ட அன்று, வண்டி நிறுத்துமிடத்தில் தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

கலப்பு இரட்டையரில் எனக்குக் கிடைத்த ஜோடி, மருந்தியல் படிக்கிற ஒரு பெண். எல்லோரும் குருவி என்பார்கள். வலைக்கு முன்னால் அவள் நின்றால் ஒரு பந்து தப்பாது. நான் பின்னால், அவள் முன்னால். பயிற்சியாளர் எங்களுக்கு முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். முன்னால் நிற்பவர் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து வரும் அடி முகத்தில் பட்டுவிடும். பின்னால் நிற்பவர் ஜோடியின் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரைக் கேட்டால் எவரும் திரும்பிவிடுவார்கள். 'எனக்கு', 'உனக்கு', இந்த இரண்டு சொல்தான் அனுமதி. எட்டு மாதமும் அப்படித்தான் ஆடினோம். நல்ல பெண், ஐயா. என் முழங்காலுக்கு அவளே ஓர் உறை வாங்கிக்கொண்டு வந்தாள். அதை இன்றும் போட்டுக்கொள்கிறேன்.

கிளப்புகளுக்கிடையிலான போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. பொருட்கள் வைக்கும் அறைக்குள் குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அவள் பயிற்சியாளரிடம் பேசுவது கேட்டது.

"சார் ரொம்ப நல்லவரு சார். ஆனா அவரோட ஆட்டம் முடிஞ்சு போச்சு. அடிக்கிறது எங்க விழும்னு அவருக்கே தெரியல. போட்டிக்கு மட்டும் வேற ஜோடி குடுங்க. அவரு மனசு நோகாம நீங்கதான் சொல்லணும்."

"இன்னைக்கு ஆட்டத்தைப் பாத்துட்டு சொல்றேம்மா," என்றார் அவர்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நான் தண்டம், அலுவலகத்தில் நான் ஒரு சாவிக்கொத்து. அந்த நாலு கோடுகளுக்குள் மட்டும்தான் ஒரு ஆள். அதையும் ஒரு பெண் நல்லெண்ணத்தோடு எடுத்துவிடப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் சொன்னதில் ஒரு தவறு இருந்தது. தேர்வுப் பிரிவுக்காரன் தவறைப் பார்த்தால் திருத்துவான்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். எதிர்ப்பக்கம் பந்தை உயரத் தூக்கிப் போட்டார்கள். அது இறங்கி வர இரண்டு விநாடி ஆகும். இரண்டு விநாடி நிறைய நேரம். காலை மாற்றி வைத்தேன், மட்டையைத் தூக்கினேன்.

"குருவி," என்றேன். சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகத்தான் கூப்பிட்டேன்.

திரும்பினாள். ஏதோ உதவி கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள். முகத்தில் அப்படி ஒரு அக்கறை இருந்தது. அடித்தேன்.

மருத்துவமனைக்கு என் வண்டியில்தான் கொண்டுபோனோம். அவளுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்ததால ஆச்சு," என்று நன்றி சொன்னார். வலது கண்ணில் இனி பார்வை வராது என்று மூன்றாம் நாள் டாக்டர் சொன்னார். அன்று மாலை கட்டோடு படுத்திருந்தவள், "மேட்ச விட்டுடாதீங்க சார். எனக்காக ஆடுங்க," என்றாள். பயிற்சியாளருக்கும் அதற்குமேல் என்னை நீக்க மனம் வரவில்லை. புது ஜோடியோடு அரையிறுதி வரை போனேன். சுமாரான பெண்தான், ஆனால் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இதோடு போயிருக்கும், ஐயா. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நேற்று விபத்து விசாரணை அறிக்கையின் நகலை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். பயிற்சியாளர், 'பல வருடம் ஆடாதவர், பதற்றத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்' என்று சொல்லியிருக்கிறார். போகட்டும். அதற்குக் கீழே அவளுடைய வாக்குமூலம்: 'சார் மேல் எந்தத் தப்பும் இல்லை. வயசானவர், கை தவறிவிட்டது.' நீங்களும் அதை ஏற்று அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததில் எனக்கும் வருத்தம் உண்டு. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியை நீங்கள் திருத்தியாக வேண்டும். கை தவறவில்லை, ஐயா. நாலு மீட்டர் தூரம், ஓடுகிற கால், திரும்புகிற தலை. நான் குறிவைத்தது வலது கண்ணைத்தான்.