ஓரெழுத்துப் பிழை குறித்துப் பிழைதிருத்துபவர் அளித்த இரண்டாம் வாக்குமூலம்

எனக்கு வயது நாற்பத்து மூன்று. சைகை மொழியில் என் பெயர், கண்ணோரத்திலிருந்து உதடு வரை இரண்டு விரலை இழுப்பது. எங்கள் சங்கத்தில் எல்லோரும் என்னை அப்படித்தான் அழைக்கிறார்கள். அதை எழுத்தில் பதிய வழியில்லை என்று நீதிமன்ற எழுத்தர் தெரிவித்து, அடையாள அட்டையைப் பார்த்து வேறொரு பெயரைக் குறித்துக்கொண்டார். இருபத்தொரு ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்க்கிறேன். அச்சகத்துக்குப் பின்தெருவில் தையற்கடை மாடியில் தனியே குடியிருக்கிறேன். நான்கு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதும் கேட்பதில்லை. எதிரில் பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். இந்த வாக்குமூலத்தை நான் சைகையில் சொல்ல, மன்றம் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் குரலில் சொல்ல, எழுத்தர் எழுதுகிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்தில் நான் அளித்த முதல் வாக்குமூலத்தில் ஒரு சொல் தவறு. அந்தச் சொல்லின் பேரில் எங்கள் சங்கத்து வெல்டர் கொலை முயற்சி வழக்கில் காவலில் இருக்கிறார். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன் இது பதிவாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் சங்கம் காது கேளாதவர்களுக்கும் குறைவாகக் கேட்பவர்களுக்குமானது. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் அறையில் ஞாயிறுதோறும் காலையில் கூடுவோம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்போம், வேலை தேடுபவருக்கு வேலை சொல்வோம், கேரம் ஆடுவோம், வராதவர்களைப் பற்றிப் பேசுவோம். கடைசியில் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் உதட்டைப் படிக்கும் போட்டி நடக்கும். அதில் எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். வழக்குக்கு வேண்டியது என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு நேர் கீழே உள்ள தளத்தில் ஒரு பல் மருத்துவர் தொழில் நடத்துகிறார். எங்களில் ஒருவரைத் தூரத்திலிருந்து அழைக்க வேண்டுமானால் தரையைக் காலால் உதைப்போம், அதிர்வு அவர் காலுக்குப் போய்ச் சேரும். பக்கத்தில் இருந்தால் தோளைத் தொடுவோம். உதைக்கும்போதெல்லாம் கீழே மருத்துவரின் கை நடுங்குவதாகப் புகார் இருந்தது. சென்ற ஞாயிறு பத்தரை மணிக்கு அவர் கையுறையோடு மேலே வந்து, "காது கேக்காதவங்க சங்கம்னு போர்டு வேற. இந்தத் தெருவுலயே சத்தம் இங்கதான் வருது. ஒருத்தர் வாயில ஊசியை வச்சுக்கிட்டு நான் என்ன பாடு படறேன் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் உதடு தெளிவானது, ஒரு சொல்லும் தவறவில்லை. அதன் பிறகு வெல்டர் எழுந்து அவர் பின்னாலேயே போனார். வெல்டருக்கு இருபது வயதில்தான் காது போனது என்பதால், கேட்பவர்களிடம் அவர் வாயால் பேசுவார். அதன் பிறகு ஐந்து நிமிடம் கழித்து நாங்கள் இறங்கிப் பார்த்தபோது மருத்துவர் படிக்கட்டின் அடியில் தலையில் ரத்தத்தோடு கிடந்தார், வெல்டர் அவர் தலைக்கடியில் தன் சட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். மருத்துவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை மருத்துவரின் மனைவி கொடுத்த புகாரின் பேரில் வெல்டரை அழைத்துப்போனார்கள். செவ்வாய்க்கிழமை என்னையும் அழைத்தார்கள். ஆய்வாளர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். "உதட்டைப் பாத்தே எல்லாத்தையும் சொல்லிடுவீங்களாமே, கட்டட ஓனர் சொன்னாரு. கொலை முயற்சி கேஸ்மா இது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றார். டீ வந்தது. மருத்துவர் வாசலில் இருந்த கேமராவின் படத்தை மூன்று முறை போட்டார்கள். அதில் ஒலி கிடையாது. மருத்துவர் முதுகைக் காட்டி நிற்கிறார், வெல்டர் அவர் தோளைத் தொடுகிறார், வெல்டரின் முகம் கேமரா பக்கம் திரும்பும்போது நான்கு சொல் தெரிகிறது. அதன் பிறகு இருவரும் படத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். "இன்னிக்கு கொல்லாம விட மாட்டேன்" என்று நான் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

உதட்டைப் படிப்பது பாதி கண், பாதி ஊகம். ஆய்வாளர் சொன்ன கொலை என்ற சொல், படம் ஓடுவதற்கு முன்பே என் ஊகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. நான் எழுதியதை அவர் இரு கையாலும் வாங்கிப் படித்தார் என்பதையும் பதிந்துகொள்ள வேண்டுகிறேன். அலுவலகங்களில் நான் எழுதிக் கொடுப்பதைப் பொதுவாக யாரும் வாங்குவதில்லை.

அதன் பிறகு நேற்று வியாழக்கிழமை வெல்டரின் மனைவி அச்சகத்துக்கு வந்தார். அவருக்கும் கேட்காது. மற்றவர்கள் பார்க்கும்படி மேசைக்கு எதிரே நின்று சைகையில், "அக்கா, எல்லாரோட உதட்டையும் படிப்பீங்க, எங்க வீட்டுக்காரர் உதட்டை மட்டும் எந்தக் கண்ணால படிச்சீங்க?" என்று கேட்டார். அவர் தொடர்ந்து, "அந்தப் படிக்கட்டுக் கைப்பிடி ஆடுது, வெல்டிங் விட்டுப் போச்சுன்னு ஒரு மாசமா வீட்டுல இதே பேச்சு. ஓனர் காதுல போட்டுக்கல. டாக்டர் தினமும் அதுலதான் சாஞ்சு நிக்கிறாரு, அவர்கிட்ட சொல்லாம விட மாட்டேன்னு காலைலயே சொல்லிட்டுத்தான் கிளம்புனாரு," என்றார். பிறகு, "ஸ்டேஷன்ல நல்லபடியாத்தான் விசாரிச்சாங்களாம். 'சொல்லத்தானே போனே'ன்னு கேட்டாங்களாம். இவரு ஆமான்னு தலையாட்டினாராம். புரிஞ்சுக்கிட்டாங்க, நாளைக்கே விட்டுடுவாங்கன்னு எனக்கே தைரியம் சொல்றாரு," என்றார்.

ஒருவர் எதையோ சொல்லப் போனாரா என்று காவல் நிலையத்தில் எதற்குக் கேட்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது. சைகையில் சொல்வதும் கொல்வதும் வேறு வேறு, குழந்தைகூடக் குழப்பிக்கொள்ளாது. நான் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய், அங்கிருந்த கண்ணாடியில் 'சொல்லாம', 'கொல்லாம' இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி குவிந்தது. பைண்டிங் செய்பவர் வந்து கதவைத் தட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு தெரிந்தது, அவர் எவ்வளவு நேரம் தட்டினார் என்று தெரியாது.

அதன் பிறகு வெல்டரின் மனைவியோடு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மருத்துவர் வாசல் கைப்பிடியில் ஓர் இணைப்பு மட்டும் புதிதாகப் பற்றவைக்கப்பட்டு, பெயிண்ட் இன்னும் காயாமல் விரலில் பிசுபிசுத்தது. சென்ற மாதம் சங்கத்தார் அதே படிக்கட்டில் எடுத்துக்கொண்ட புகைப்படத்தை அவர் கைபேசியில் காட்டினார். அச்சகத்தில் வேலை இருந்ததால் நான் அன்று போகவில்லை. படத்தில் அதே இணைப்பு விட்டுப்போய், கட்டுக்கம்பியால் சுற்றப்பட்டிருக்கிறது. பதினொரு பேரும் கைப்பிடியை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். சாயக் கூடாது என்று தடுத்தவர் வெல்டர் என்று அவர் மனைவி சொன்னார். புகைப்படத்தை மன்றத்தில் ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு மாலையில் ஆய்வாளரைப் பார்த்து விவரம் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை நாற்காலி காட்டவில்லை. "ஏம்மா, அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நாக்கு ஒண்ணுதானே?" என்றார். இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் நாக்கில்தான் இருக்கிறது, அது வாய்க்குள் இருப்பதால் எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். "அவனே ஒத்துக்கிட்டான்மா. கொல்லத்தானே போனேன்னு கேட்டேன், ஆமாங்கறான். இதுக்கு மேல என்ன வேணும்? மாத்திச் சொன்னா பொய் சாட்சின்னு உங்க மேலயே கேஸ் வரும், பாத்துக்குங்க," என்றார். அவர் சொன்னது 'கொல்ல' என்பது, பேச்சு போன போக்கை வைத்து நான் ஊகித்தது. உதட்டில் அது 'சொல்ல' என்றும் இருந்தது.

இன்று இம்மன்றத்தில் நீதித்துறை நடுவர் உத்தரவுப்படி எழுத்தர் இரண்டு சொற்களையும் தன் விருப்பப்படி பத்து முறை குரலில்லாமல் உச்சரித்தார். வரிசையை முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார். நான் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். "நீங்க வேணும்னே தப்பாச் சொல்றீங்கன்னு சொல்லுவாங்களே?" என்று நடுவர் கேட்டார். அப்படியானால் ஆய்வாளரையும் எழுத்தரின் உதட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம் என்றேன். எழுத்தர் அதே வரிசையில் மறுபடி உச்சரிக்க, ஆய்வாளர் முன்னால் வந்து நின்று, பத்து முறையும் "கொல்லாம" என்றார். சீட்டில் ஏழு முறை 'சொல்லாம' என்று இருந்தது. அதன் பிறகு நடுவர் ஆய்வாளரிடம் ஏதோ கேட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்ததால் என்னவென்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரும் சொல்லவில்லை. சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

வெல்டர் என்ன சொன்னார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை உறுதியாகச் சொன்னேன் என்பதே என் தவறு. அதற்காக என் மீது வழக்குத் தொடர்ந்தால் ஆட்சேபணை இல்லை. வெல்டரை மொழிபெயர்ப்பாளர் வைத்து மறுபடி விசாரிக்க வேண்டும்.

என் முதல் வாக்குமூலத்தின் அடியில், 'படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது' என்று இருந்தது. யாரும் படித்துக் காட்டவில்லை, காட்டியிருந்தாலும் நான் கேட்டிருக்க முடியாது. கையெழுத்திடும்போது அந்தக் 'கேட்டேன்' என்ற சொல் என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்ட பிழையைத் திருத்தாமல் நான் விட்டது இத்தனை ஆண்டுகளில் அது ஒன்றுதான்.

மேலே எழுதியவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. மொழிபெயர்ப்பாளர் வரிவரியாகக் கையால் காட்டப் பார்த்தேன், சரியாக உள்ளது. மேற்படி வரியில் எழுத்தர் வழக்கம்போல் 'கேட்டேன்' என்று எழுதியிருந்ததை அடித்து, 'பார்த்தேன்' என்று நானே திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)
நேரம்: பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம்.