கொலை நடக்காத நாவல்

ஹலோ... ஹலோ, நான் காவ்யா பேசுறேன்... வச்சுராதீங்க, ரகுநாத், வச்சுராதீங்க... கொடும்பாளூர்ல இருந்து எப்பக் கெளம்புனீங்க?... டவுனுக்கே வந்துட்டீங்களா! ஒங்கப்பாவும் வர்றாங்களா? மாமா முன் சீட்லயா?... தட்டு?... மடியிலயே வச்சுருக்காங்களா...

என்னங்க, கெஞ்சிக் கேக்குறேன். நிச்சயத்தட்டத் திருப்பிக் குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க. எங்கப்பா இப்பத்தான் சாப்பிட ஒக்காந்துருக்காங்க. அவுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது...

ஆமா... ஆமா, தட்டுல அத நாந்தான் வச்சேன். ஒங்களுக்கு எடுத்த பேன்ட் சட்டையோட எனக்குப் புடிச்ச நாவலும் இருக்கட்டுமேன்னு... நீங்க படிப்பீங்கன்னுதாங்க வச்சேன். வீடே படிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஒங்க அத்தை உண்ணாமலை என்ன சொன்னாங்க?... அட்டையில பாழடைஞ்ச பங்களாவப் போட்டுட்டு, கடைசி வரைக்கும் ஒரு பேய் கூட வரலைன்னா?... வராதுங்க! அது பேய்க்கதைகளக் கிண்டல் பண்ற கதை... ஒங்க தங்கச்சி ரெண்டு தடவ படிச்சாளா? சிரிச்சாளா? பாத்தீங்களா... நீங்க?... தூங்கிட்டீங்களா. சரி, பரவால்ல. அந்த எழுத்தாளரம்மா எழுதுனதுலயே இதத்தான் யாருக்கும் புடிக்காதும்பாங்க. எனக்குத்தான்...

மாமா எது வரைக்கும் படிச்சாங்க?... பூட்டுன ரூம் வரைக்குமா... வரப்போற மாமனாருதான் பொண்டாட்டியக் கொன்னுருப்பாருன்னு அந்தப் பொண்ணு நெனைக்குதே, அங்கயே மூடிட்டாங்களா... ஐயோ.

இல்லைங்க! ஒங்கப்பாவ மனசுல வச்சு அந்தக் கதையக் குடுக்கல! சத்தியமா இல்ல! வீடு பாக்க வந்தப்ப மாடியில அந்த ரூம் ஏன் பூட்டிருக்குன்னு கேட்டேன்தான்... பாத்ரூம்னு நெனச்சுக் கேட்டேங்க. ஒங்கம்மா ரூம்னு தெரியாது... அவுங்க எப்படி எறந்தாங்கன்னு விசாரிச்சேனா? நானா? மூணு வருசம் பிசிக்ஸ் படிச்சேன், வாத்தியார்கிட்ட ஒரு டவுட் கேட்டதில்ல. நான் போயி ஊர்ல விசாரிப்பேனா?

ஃபோன மாமாகிட்ட குடுங்க... பேசுவேன். குடுங்க...

வணக்கம் மாமா... காவ்யாதான்... சத்தமாவா? சரிங்க மாமா... அடுத்த அத்தியாயம் மட்டும் படிங்க மாமா, கால் மணி நேரம்... கண்ணாடி எடுத்துட்டு வரலியா... அப்ப நானே சொல்றேன். அந்தப் பொண்ணு ரூமுக்குள்ள போவா. உள்ள ஒண்ணுமே இருக்காது. ஜன்னல் வழியா வெயில் அடிக்கும். ஒரு சீப்பு, மடிச்சு வச்ச சேலை. அவ்வளவுதான் மாமா. கொலை எல்லாம் இல்ல. அந்தம்மா காய்ச்சல்ல போயிருப்பாங்க. இப்படி நெனச்சுட்டமேன்னு அவ அழுதுருவா...

மாமா?... ஆங், இருக்கேன்... அப்புறமா? அதோட நிறுத்திக்கலாமே மாமா... இல்ல, கதை முடியல. இன்னும் நாலு அத்தியாயம் இருக்கு... அந்த மாமனாரு... கல்யாணமே வேணாம்னுட்டு, அவளத் தனியா வண்டியேத்தி அனுப்பிருவாரு...

ஆமா மாமா. கொலை பண்ணல... நல்லவருன்னும் எழுதல.

நீங்களா?... தெரியல மாமா. மூணு தடவதான் ஒங்களப் பாத்துருக்கேன். மூணு தடவையும் சாப்டியாம்மான்னு கேட்டீங்க...

அழுகலை... இல்ல மாமா, அழுகலை... அந்த ரூம்ல இருந்த அத்தைக்கும் காய்ச்சல்தானா... எத்தனை நாள்?... ம்... ம்... சாவி ஒங்ககிட்டதான் இருக்கா... எனக்கு யாரும் சொல்லல மாமா...

திருக்கோகர்ணம் வந்துருச்சா? எங்க வீடு... கோயிலுக்கு இங்கிட்டு, ரெண்டாவது தெரு, நீலக் கேட்டு... மாமா, தட்டு... என்னது? தட்டு கார்லயே இருக்கட்டுமா?... புக்க மட்டும் எடுத்துட்டு எறங்குறீங்களா...

எதுக்கு மாமா? எங்கிட்ட குடுத்துட்டுப் போறதுக்கா... இல்லையா... மிச்சத்த நான் வாசிச்சுக் காட்டணுமா?... மாமா?... ஹலோ?... ஹலோ...