மூன்றாவது சிலிண்டர்

மேலகரத்தில் ஏறிய பெண் போனில் சொன்னதைக் கேட்டு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“நாலுல மூணாவது செத்துக் கிடக்கு.”

ஸ்பீக்கரில், துபாயிலிருந்து கணவரின் குரல்: “அது பழைய லாரிதானட்டி. நின்னாலே உதறுது. வித்துருவோம்.”

“எதுக்கு விக்கச் சொல்லுதீய? இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு டீசல் பைப்பா லூஸ் பண்ணிப் பாத்தேன். மத்ததுக்கெல்லாம் சத்தம் மாறுச்சு, மூணாவது சிலிண்டருக்கு மாறல. அதுக்கு டீசல் பீச்சுற இன்ஜெக்டரத்தான் சரிபாக்கத் தென்காசிக்குக் கொண்டு போறேன்.”

“யாரு கழட்டுனா?”

“நான்தான்.”

“கையச் சுட்டுக்கிட்டியா?”

“லேசா. சாயந்தரம் மாட்டிருவேன். நாளைக்கு ஆலங்குளத்துக்கு வெண்டைக்கா ஏத்தணும். விக்கிற பேச்ச இனி எடுக்காதீய.”

அவர் சொன்னார்:

“மாட்டும்போது பழைய செம்பு வாஷரப் போடாத. புதுசு வாங்கிக்கோ.”