முதல்நாள் கொடுத்த போத்தல்

கல்லடிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கையின் கலியாணத்துக்குக் கேக் பெட்டியில் என்ன நிற ரிபன் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குடிக்க என்ன புள்ள குடுக்கப்போற?" என்றாள் அக்கா.

"சர்பத்து மட்டும். சாராயம் வேணாம்."

"அப்பா சும்மா இரிப்பாரா?"

"அவருக்கு முதல்நாளே ஒரு போத்தல் குடுத்திருவம் அக்கா. விடிய எழும்பமாட்டார்."

"அப்ப உன்னைச் சேர்ச்சுக்குள்ள ஆரு கூட்டிப்போற?"

"மாமாக்கிட்டச் சொல்லிட்டன்." தங்கை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பாக்கும் கோட்டுத் தைக்கக் குடுத்திரிக்கன். இல்லாட்டி அவருக்கு விளங்கிரும்."



நானும் ஒரு காலத்தில் பெருங்குடிகாரன். என் மகளின் கலியாணத்தன்று மத்தியானம்தான் எழும்பினேன். முதல்நாள் போத்தலை அவளே கொண்டுவந்து தந்தாள். இத்தனை வருடமும் அதை அவளுடைய அன்பு என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.