ஆறு டீ கிளாஸும் ருஷ்யா தேசத்துக் கதையும்

சாட்சி பெயர்: ஷாகுல் ஹமீது. தகப்பனார்: காலஞ்சென்ற மீரான். வயது: சுமார் நாற்பத்தைந்து. தொழில்: டீக்கடை. இருப்பிடம்: தண்டையார்பேட்டை, மசூதிக்குப் பின்சந்து. 1949-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், மாஜிஸ்திரேட் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மரவாடிக்கு எதிரே டீக்கடை வைத்துப் பிழைத்து வருகிறேன். எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. கடையில் சோப்புக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டரைத் தவிர வேறு படம் மாட்டியதில்லை. இந்த வழக்கில் ரிமாண்டில் இருக்கும் தேவப்பிரியத்தை எனக்குத் தெரியும். அவர் நாசரேத்துப் பக்கத்துக்காரர், துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை பார்க்கும் உத்தியோகம். தினமும் என் கடையில் டீ குடிப்பார், பேப்பர் படிப்பார், படித்ததைச் சும்மா வைத்துக்கொள்ளாமல் எல்லாரிடமும் சொல்வார். அது அவருடைய வியாதி என்று நானே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். பக்ருதீன் என்பவன் என் மனைவி ரசூல் பீவியின் அண்ணன் மகன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், என்னை மாமு என்று கூப்பிடுவான்.

போன மாதம் மழை விடாமல் பெய்த ஒரு பகலில் கப்பலில் சரக்கு இறக்க முடியாமல் வேலை நின்றுபோனபடியால், தேவப்பிரியமும் பக்ருதீனும் என் கடையில் வந்து உட்கார்ந்தார்கள். எதிர் மரவாடிக் காவலாளி சுப்பராயன் வாசல் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றான். பக்ருதீனுக்கு ருஷ்யா தேசத்து ஸ்டாலின் என்றால் உயிர். அவர் படத்தைத் தகரப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வைத்திருக்கிறான். அவன் அன்று, "அங்க பசின்னு ஒர்த்தனும் கெடியாது மாமு. அவுரு ஒரு வார்த்த சொன்னா ஊரே நிக்குது" என்றான். அதற்குத் தேவப்பிரியம், "ஊரு எப்படி நிக்குதுன்னு நான் காட்டுதேன். பாய், அந்தக் கிளாஸ்கள இங்கன தாரும்" என்று சொல்லி, நான் தருவதற்குள் தானே எழுந்து கழுவி வைத்த கிளாஸ்களில் ஆறை எடுத்துப் பலகையில் பரப்பினார். கழுவினது வீணாகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மழையில் வேறு கிராக்கி இல்லாததால் நானும் கேட்டேன்.

அவர் என் பித்தளைப் பால் குவளையை நடுவில் வைத்து, "இது பெரிய தலைவரு. புரட்சி செஞ்ச மனுசன். இப்ப சீக்கா கெடக்காரு" என்றார். விளிம்பு உடைந்த ஒரு கிளாஸை எடுத்து, இதுதான் ஸ்டாலின் என்றார். மற்ற ஐந்தும் பெரியவருக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து தலைவர்கள். அவர்கள் பெயர்களையும் சொன்னார், ஒன்றும் என் வாயில் நுழையவில்லை. அந்த ஐவரும் மேடையில் பேசுகிறவர்கள், பத்திரிகையில் எழுதுகிறவர்கள், ஸ்டாலினுக்குக் கிடைத்தது கட்சிக் காரியதரிசி வேலை என்றும், எந்த ஊருக்கு யாரை அனுப்புவது, யாரை எங்கே உட்கார வைப்பது என்ற அந்தச் சள்ளை பிடித்த வேலையை மற்ற யாரும் மதிக்கவில்லை என்றும் சொன்னார். "கடையில கிளாஸ் அடுக்குத வேலைன்னு வச்சுக்கிடும் பாய். மத்தவன் பேசிக்கிட்டே கெடந்தான், இவன் அடுக்கிக்கிட்டே இருந்தான். நாலு வருசத்துல எந்த ஊரப் பாத்தாலும் இவன் வச்ச ஆளு" என்றார். சீக்கில் கிடந்த பெரியவர், இவனை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதி வைத்தாராம். அவர் மௌத்தான பிறகு அதைப் படித்துப் பார்த்த மற்றவர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்களாம்.

அதன் பிறகு அவர் பால் குவளையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, உடைந்த கிளாஸை இரண்டு கிளாஸ்களுக்குப் பக்கத்தில் நகர்த்தி, எதிரே இருந்த ஒன்றைக் காட்டி, "மொதல்ல இது போவணும்" என்று அதைக் கவிழ்த்தார். அந்தத் தலைவர்தான் எல்லாரிலும் கெட்டிக்காரர், அவரை முதலில் நாடு கடத்தி, பல வருஷம் கழித்து, அவர் போய்த் தங்கின தேசத்திலேயே ஆள் விட்டுக் கொன்றார்கள் என்றார். அதன் பிறகு உடைந்த கிளாஸை மீதி இரண்டோடு சேர்த்து வைத்து, "இவங்க ரெண்டு பேரு தொணையோட, முன்ன தொணையா நின்ன ரெண்டும் போவணும்" என்று அந்த இரண்டையும் கவிழ்த்தார். அதன் பிறகு கடைசி இரண்டையும் கவிழ்த்தார். பலகையில் விளிம்பு உடைந்தது மட்டும் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்க்க எனக்கு அப்போதே நன்றாக இல்லை.

பக்ருதீன் முகம் சுண்டிப்போய், "அவங்கள இன்னா சொல்லி கவுத்தாங்க?" என்றான். பின்னால் கவிழ்ந்த நாலு பேரையும் கோர்ட்டில் நிறுத்தினார்கள், நாங்கள் துரோகிகள், வேற்று நாட்டுக்கு உளவு பார்த்தோம் என்று அவர்களே சொன்னார்கள், சொன்ன பிறகு சுட்டுவிட்டார்கள் என்று தேவப்பிரியம் சொன்னார். "செய்யாதத இன்னாத்துக்கு ஒத்துக்கினாங்க? இல்லன்னு சொல்லிக்கினு போவ வேண்டியதுதானே" என்று பக்ருதீன் கேட்டான். அதற்கு அவர், "ஒனக்குப் புள்ளைய இருக்குல்லா? அவனுவளுக்கும் இருந்துச்சு. ஒவ்வொருத்தனையும் பக்கத்துல இருக்கவனப் பத்தி எழுதிக் குடுக்கச் சொன்னான். எழுதினவன் தப்பிச்சோம்னு நெனைச்சான். அடுத்த வாரம் அவனப் பத்தி இன்னொருத்தன் எழுதினான். எழுதி வாங்குன போலீஸ்காரனையும் பெறவு அதே மாதிரி எழுத வச்சுப் புடிச்சான். அப்படித்தாம்வே ஊரு நிக்குது" என்றார். பக்ருதீன் மழையிலேயே எழுந்து போய்விட்டான். அன்று நடந்தது இவ்வளவுதான். போலீசார் சொல்வதுபோல் துறைமுகத்து அதிகாரிகள் பேச்சு எதுவும் வரவில்லை.

அதன் பிறகு சில நாள் கழித்து, காலை வியாபார நேரத்தில் இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டேபிள்களும் கடைக்கு வந்து, அந்த ஆறு கிளாஸ் எவை என்று கேட்டு, நான் காட்டியதும் சாக்குப் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். தேவப்பிரியத்தை முந்தின நாளே பிடித்துவிட்டதாக அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், உடைந்த கிளாஸ் தேவப்பிரியம் என்றும், மற்ற ஐந்தும் துறைமுகத்து அதிகாரிகள் ஐந்து பேர் என்றும், முதலில் ஒருவர், பிறகு இருவர், பிறகு இருவர் என்று அவர்களைத் தீர்த்துக்கட்ட என் கடையில் திட்டம் போட்டதைத் தாழ்வாரத்தில் நின்ற சுப்பராயன் கேட்டான் என்றும் சொன்னார். நான் ருஷ்யா கதையைச் சொன்னேன். அவர் சிரித்து, "ருஷ்யாவுல நடந்தத தண்டையார்பேட்டையில இன்னாத்துக்குப் பேசுறீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்தால் நான் சாட்சி, இல்லாவிட்டால் நானும் குற்றவாளிக் கூண்டில் ஏறும் எதிரி என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குப் போனதும் ரசூல் பீவி, "எதையாச்சும் எய்தி குடுத்துட்டு வூடு வந்து சேரு. உனுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்" என்று அழுதாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நானும் எழுதிக் கொடுத்துவிடுவது என்றுதான் முடிவு செய்துகொண்டு படுத்தேன்.

மறுநாள் பக்ருதீன் கடைக்கு வந்தான். நான் டீ போட்டு அவன் முன்னால் வைத்தேன். அவன் கிளாஸைத் தொடவில்லை. "நான் எய்தி குடுத்துட்டேன் மாமு. அஞ்சு அதிகாரின்னு எய்திட்டேன்" என்றான். நான் அவனைத் திட்டவில்லை. எல்லாம் முடிந்ததல்லவா, இனி பயப்படாதே என்றேன். அவன், "எங்க முடிஞ்சுது? நீ எய்தலன்னா, நான் உன்னப் பத்தி எய்தணும்னு ஸ்டேஷன்ல சொல்லிக்கீறாங்க" என்றான். என் கையில் இருந்த கொதிக்கிற பால் கால் மேல் கொட்டியும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தால் மட்டும் அவனை விடுவார்களா, என்னைத்தான் விடுவார்களா, நாளைக்கு என்னைப் பற்றி எழுத ரசூல் பீவியைக் கூப்பிடமாட்டார்களா என்று அங்கேயே நின்று யோசித்தேன். அதன் பிறகு இங்கே உள்ளதை உள்ளபடி சொல்வது என்று வந்தேன்.

கோர்ட்டார் கேட்டதன் பேரில் சொல்வது: மேஜை மேல் இருக்கும் கிளாஸ்கள் என்னுடையவை. ஐந்துதான் இருக்கின்றன. ஒன்று கொண்டுவருகையில் உடைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். விளிம்பு உடைந்தது இதுதான், இது ஸ்டாலின். தேவப்பிரியம் அல்ல. மற்றவை அந்தத் தேசத்தின் செத்துப்போன தலைவர்கள். பக்ருதீன் எழுதிக் கொடுத்தது நடந்ததல்ல. அவனைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், அவன் கெட்டவன் அல்ல, பயந்துவிட்டான். போலீசாரை வெளியே அனுப்பிவிட்டோம், தாராளமாகப் பேசு என்று கோர்ட்டார் சொன்னார்கள். அவர்கள் வெளியேதான் இருக்கிறார்கள். அரைக்கதவுக்குக் கீழே அவர்கள் பூட்ஸ் எனக்குத் தெரிகிறது.

மேற்கண்டதைக் குமாஸ்தா எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசியில் வழக்கமாக எழுதுகிறபடி, எவருடைய தூண்டுதலும் இன்றி, பயம் இன்றி, சொன்னேன் என்று எழுதியிருந்தார். தூண்டுதல் இல்லை என்பது சரி. பயம் இன்றி என்பதை அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். பொய்ச் சத்தியம் செய்ய எனக்கு இஷ்டமில்லை. நான் பயந்துகொண்டுதான் சொன்னேன், இன்னும் பயந்துகொண்டுதான் நிற்கிறேன். அதைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்) ஷாகுல் ஹமீது

சாட்சி கேட்டபடி இரண்டு வார்த்தைகள் என் முன்னிலையில் அடிக்கப்பட்டன. சாட்சியின் ஒப்பம் கோணலாக உள்ளது, அது அவருடையதே.

(ஒப்பம்) மாஜிஸ்திரேட்