கேள்வி கேட்டதற்கு மன்னிப்புக் கடிதம்

"கேள்வி கேளுங்கன்னு மிஸ்ஸே சொன்னாங்களாம். இவ கேட்டாளாம். அதுக்கு என்னை இட்டாரச் சொல்லிகிறாங்க."

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், ஒரு ஒயர் கூடை, ஜன்னலோரம் பள்ளிச் சீருடையில் ஒரு மகள். பேசியவர் அம்மா; கூட இருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர்.

"அப்பிடி இன்னாக்கா கேட்டுட்டா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"தண்ணிக்கு நிறம் இல்ல, மணம் இல்லன்னு பாடமாம். எங்க தெரு அடிபம்புல மஞ்சளா, கிருஷ்ணாயில் நாத்தத்தோட வருதே, அது இன்னா மிஸ்னு கேட்டுகிறா."

"நெசந்தானே!"

"நெசந்தான். ஆனா இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசரு பின்னாடி குந்திகினு இருந்தாராம். அவரு முன்னாடி கேக்க வேண்டிய அஞ்சு கேள்வியையும் மிஸ்ஸு மொத நாளே போர்டுல எழுதிப் போட்டாங்களாம். இவளுக்கு மூணாவது கேள்வி. அத்த வுட்டுட்டு இத்த கேட்டுகிறா."

"அப்போ யோசிக்கிற வேலையயும் மிஸ்ஸே முடிச்சிட்டாங்கன்னு சொல்லு."

"சிரிக்காதடி. நாலு நாளா வராண்டாவுல நிக்கிறா. மன்னிப்பு லெட்டர் குடுத்தாத்தான் கிளாஸ்ல சேப்பாங்களாம். இவளே எழுதிகிறா. எனக்குப் படிக்க வராது, நீ படி."

பக்கத்து வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார்.

"'மிஸ், நான் கேள்வி கேட்டது தப்பு. மன்னிக்கவும். கேட்கக் கூடாத கேள்விகளையும் போர்டில் எழுதிப் போட்டால் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.'"

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற எழுதச் சொல்லட்டாக்கா?"

அம்மா கடிதத்தை வாங்கி மடிமேல் விரித்தார்.

"பேனா குடு. எம் பேரை எழுத எனக்குத் தெரியும்."